காற்று நிரப்புமிடம்

நான் விற்பது காற்றையல்ல, அமுக்கத்தை.
காற்று இறக்கக்கண்டிக் கரையில் சும்மா கிடக்கிறது.
பன்னிரண்டு லீற்றர் உருளைக்குள்
இரண்டாயிரத்து நானூறு லீற்றரைத் திணிக்க
என் இயந்திரம் இருபத்தைந்து நிமிடம் டீசல் குடிக்கும்.
விலை டீசலுக்கு மட்டும் என்று
பற்றுச்சீட்டின் அடியில் எழுத நினைத்ததுண்டு.
பிறகு, ஏன் வில்லங்கம் என்று விட்டுவிட்டேன்.

உறிஞ்சும் குழாயின் வாய் பூவரசின் உச்சியில்.
கச்சான் வீசினால் மேற்குக் கொப்பில்,
வாடை திரும்பினால் அவிழ்த்துக் கிழக்கில்.
சொந்தப் புகையைச் சொந்த இயந்திரமே
குடித்துவிடக் கூடாது.

போன ஆடியில் பக்கத்து வளவில் ஆரோ
பழைய ரயர் கொளுத்தினார்கள்.
நான் கவனிக்கவில்லை.
மறுநாள் பதினெட்டு மீற்றர் ஆழத்தில்
மூன்று பேருக்கு ஒரே நேரம் தலையிடி.
போய்க் கேட்டேன்.
"புகைதானே தங்கச்சி, மேல போயிடும்."

மேல எண்டால் எவ்வளவு தூரம்?
றிபாய்தீன்தான் கணக்குப் பார்த்தான்.
திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து
கன்னியா போகும் பாதையைப் பிடித்து
நட்டுக்குத்தாக நிமிர்த்து.
பாதி வழியில் மூச்சு இரைக்கும்.
வெந்நீர்க் கிணற்றடியில் விறைத்துப் போவாய்.
கிண்ணியாப் பாதையை நிமிர்த்தினாலோ
பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத்தில்
நாக்கிலுள்ள எச்சில் கொதிக்கும்.
"அவ்வளவுதான் வானம்.
ஓட்டோக்காரன் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப்
போய்வாற தூரம்."

அதன் முழுப் பாரமும்
ஐந்தரைப் பாகம் கடலின் பாரமும் ஒன்று.
இதைப் படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.
சுழியோடுகிறவன் காதால் அறிவான்.

நூறில் இருபத்தொன்றுக்காகத்தான்
நெஞ்சு விரிகிறது.
ஆகன் ஒன்றுக்கும் குறைவு, எவரோடும் சேராது.
எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு வீடு உண்டு.
காபனீரொட்சைட்டு பத்தாயிரத்தில் நாலு சொச்சம்:
அந்தச் சொச்சத்தை நம்பித்தான்
என் பூவரசு இலை விடுகிறது,
அந்தச் சொச்சம் கூடக் கூடத்தான்
கடல் சூடேறுகிறது என்கிறார்கள்.

மற்றதெல்லாம் நைதரசன்.
நூறில் எழுபத்தெட்டு.
வரும், இருக்கும், தண்ணிகூடக் கேளாமல்
வந்த வழியே போய்விடும்.
அது இடையில் நிற்பதால்தான்
அடுப்பு நெருப்பு அடுப்போடு நிற்கிறது.
நன்றி சொல்ல ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

கடலட்டைக்குப் போன றிபாய்தீன்
முப்பது மீற்றரில் மூன்றாவது உருளையோடு
விறுக்கென்று எழும்பினான்.
மேலே படகில் ஏதோ சத்தம், பயந்துவிட்டானாம்.
ஒன்றும் கேளாத அந்த விருந்தாளி
வாசலைத் தேட நேரமில்லாமல்
மூடி திறந்த சோடாவைப்போல
இரத்தத்துக்குள்ளேயே நுரைத்தது.
கடற்படைத் தளத்தின் அமுக்க அறையில் ஆறு நாள்.
இடது கால் பாதி திரும்பி வந்தது.
வலது வரவில்லை.

அந்த உருளையை நிரப்பியது நான்.
காற்றில் பிழையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.
அவனும் சொன்னான்.
இரண்டு மாதம் நித்திரையில்லாமல் கிடந்துவிட்டு
ஒரு கதிரை வாங்கிப் போட்டு
அவனை இங்கே கூப்பிட்டேன்.

இப்போது கொப்பியும் அமுக்கமானியும் அவன் பொறுப்பு.
முள் இருநூறைத் தொட்டால் கை உயர்த்துவான்.
புதுப் பொடியன்களிடம்,
"உன்ர குமிழியை முந்தாதை,
அது போன பிறகு நீ போ" என்பான்.
அவர்கள் சிரிப்பார்கள்.
உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு
மணலில் ஓடுவார்கள்.

ஒவ்வொரு நிரப்பலுக்கும் இடையில்
வடிகுழாயைத் திறந்துவிடுவேன்.
சீறிக்கொண்டு கொஞ்சம் தண்ணி வரும்,
வெயில் எறிக்கும் நாளிலும்.
காற்றுக்குள் இருந்த தண்ணி.
யாளியில் சேர்ந்தது இன்று அரைக் கோப்பை.

"இதை எந்தக் கணக்கில எழுத?" என்றான்.

குழாயை மூடினேன்.
வாடை மாறியிருந்தது.
கயிற்றை எடுத்துக்கொண்டு
மரத்தில் ஏறினேன்.